பந்துக்கும் ஒரு பாடு

பழவேற்காட்டு ஏரியில் மீன் பிடிக்கும் உரிமைக்குப் பாடு என்று பெயர். எந்த நாளில், எந்த இடத்தில், எவன் வலை கட்டுவது என்று ஊர் கூடிச் சீட்டுப் போட்டு முறை வைத்துக்கொள்வார்கள். முறை வந்தவன் சூரப்புலியாக இருந்தாலும் சோம்பேறியாக இருந்தாலும் அன்றைக்கு அந்தத் தண்ணீர் அவனுடையது. மற்றவன் கரையில் உட்கார்ந்து வயிறெரியலாம். அதற்கு மட்டும் முறை கிடையாது.

தோணிரேவு அங்கமுத்துவுக்குப் பாடு இல்லை. முப்பத்திரண்டு வயதாகியும் இல்லை. அவன் அப்பன் ஏரிக்குள் தீவாக இருக்கும் பசியாவரத்துக்காரன். அப்பன் காய்ச்சலில் போனதும், அம்மா குப்பம்மாள் கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு பிறந்த ஊரான தோணிரேவுக்கு வந்துவிட்டாள். பாடு அப்பன் வழியில் வருவது. பையன் எங்கள் ஊரில் குடியிருக்கவில்லையே என்றார்கள் பசியாவரத்தார். பையனின் அப்பன் எங்கள் ஊரில் பிறக்கவில்லையே என்றார்கள் தோணிரேவார். இரண்டும் நியாயம்தான். இரண்டு நியாயத்துக்கும் நடுவே இடுப்பளவுத் தண்ணீரில் நின்றுகொண்டு, ஊரான் வலைக்குக் கூலிவேலை செய்தே அங்கமுத்து வளர்ந்தான்.

குப்பம்மாள் சாகும்வரை ஊர்ப் பெரியவர்களின் காலைச் சுற்றி வந்தாள். கடைசியில் அவர்கள் மனம் இரங்கி ஒரு வழி சொன்னார்கள். பாடு தலைக்கட்டுக்குத்தான், கல்யாணமானவன்தான் தலைக்கட்டு, ஆகவே பையன் முதலில் கல்யாணம் கட்டிக்கொண்டு வரட்டும், அப்புறம் பேசலாம். குப்பம்மாள் பெண் தேடிப் போனாள். பெண் வீட்டார் எல்லோரும் பையன் முதலில் பாடு வாங்கிக்கொண்டு வரட்டும், அப்புறம் பேசலாம் என்றார்கள். இப்படி எல்லோருமே அப்புறம் பேசுவதற்குத் தயாராக இருந்ததால் யாரும் பேசாமலே பதினான்கு வருஷம் ஓடிவிட்டது.

அவன் மனதில் ஒருத்தி இருந்தாள். பெயர் இருசம்மாள். புருஷனை இழந்தவள், கூடையில் இறாலும் நண்டும் சுமந்து கோட்டைப் பக்கம் விற்றுப் பிழைப்பவள். அவர்கள் சனத்தில் அறுத்துக் கட்டுவது, அதாவது தாலியறுத்தவள் மறுபடி தாலி கட்டிக்கொள்வது, வழக்கத்தில் உள்ளதுதான், அதற்காக யாரும் வாயைப் பிளக்கப் போவதில்லை. அவளுக்கும் அங்கமுத்துவைப் பிடித்திருந்தது. அதை அவள் மறைக்கவும் இல்லை. ஆனால் விஷயத்தை வெட்டொன்று துண்டிரண்டாகச் சொல்லிவிட்டாள்.

"ஒரு தபா கூலிக்காரனுக்கு வாக்கப்பட்டு வவுறு காஞ்சாச்சு. ஒன் பேருல பாடுனு ஊரு சொல்லட்டும். அன்னிக்கே வந்துடறேன்."

அங்கமுத்து கோபித்துக்கொள்ளவில்லை. பசி தெரிந்தவள் சொன்னது அவனுக்குப் புரிந்தது. புரிந்ததனால் ஏக்கம் குறைந்துவிடவில்லை.

அவன் செய்த கூலிவேலையைச் சொல்ல வேண்டும். மடவை மீன் வலையைக் கண்டால் மற்ற மீன்களைப் போல மாட்டிக்கொண்டு விழிக்காது; ஒரே எம்பாக எம்பி வலைக்கு மேலே தாண்டிப் போய்விடும். அதைப் பிடிக்க வலைக்குப் பின்னால் ஓர் ஆளை நிறுத்துவார்கள். தாண்டுகிற மீனை அந்தரத்திலேயே கையால் பிடிக்க வேண்டும். எந்த இடத்தில் எம்பும், எவ்வளவு உயரம் வரும் என்பதெல்லாம் தண்ணீர் சுளிக்கிற சுளிப்பில் தெரியும், அதுவும் தெரிகிறவனுக்கு. அங்கமுத்துவுக்குத் தெரிந்தது. அவன் நிற்கிற வலையைத் தாண்டி மடவை பிழைத்ததாக யாரும் பார்த்ததில்லை. பிடித்த மீனெல்லாம் அன்றைய பாடு யாருடையதோ அந்தப் பாட்டுக்காரனுக்கு, அவனுக்கு ஒரு கை மீன் கூலி.

அந்தக் காலத்தில் பழவேற்காடு ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்குப் போய் வந்துகொண்டிருந்தது. ஒல்லாந்தரிடமிருந்து இங்கிலீஷ்காரர் பிடுங்கினார்கள். கோட்டையை இடித்துத் தள்ளினார்கள். ஆயிரத்து எண்ணூற்றுப் பதினெட்டில் அந்த இடிசலைப் பத்திரமாக ஒல்லாந்தரிடமே திருப்பிக் கொடுத்தார்கள். வாங்கிக்கொள்ள வந்தவர்கள் ஒரு துரை, நாலைந்து வெள்ளைச் சிப்பாய்கள், சமையல்காரன், எழுத்துப்பிள்ளைகள், வீரராகவன் என்கிற துபாஷ். காவல் காக்க மதில் இல்லை, சுட எதிரி இல்லை, வியாபாரமும் இல்லை. வில்லெம் என்று ஒரு கிழட்டுச் சார்ஜன்ட் இருந்தார். சும்மா இருக்க முடியாத மனிதர். தோலுக்குள் பன்றியின் சிறுநீர்ப் பையை வைத்துத் தைத்து ஒரு பந்து செய்தார்.

உதைக்கக் கால்கள் வேண்டுமே. கோட்டைக்காரர்களைக் கூட்டிக் கழித்துப் பார்த்ததில் ஒரு பக்கத்துக்குப் பன்னிரண்டு பேர் தேறினார்கள். எதிர்ப்பக்கத்துக்குத் தோணிரேவு மீன்காரர்களைக் கூப்பிட்டார். மாதம் ஒரு ஞாயிறு, வேதக்கோவில் ஆராதனை முடிந்ததும் கோட்டை மைதானத்தில் ஆட்டம். வந்து ஆடினால் கோட்டை அகழியில் அந்த மாதம் மீன் பிடித்துக்கொள்ளலாம். இடிந்த கோட்டையில் இடியாமல் இருந்தது அகழி ஒன்றுதான். ஏரித் தண்ணீர் உள்ளே ஏறி இறங்கும், இறால் கொழிக்கும்.

ஊர் கூடியது. தோணிரேவின் பெரியதனக்காரர் ஆதிநாராயணன். நேர்மையான மனிதர், அதனாலேயே அவரோடு வாழ்வது கஷ்டம். அவர் யோசித்தார். அகழி மீன் ஆட்டத்தால் வருகிறது. மீன் எதனால் வருகிறதோ அது தொழில். தொழிலென்றால் பாடு உண்டு. ஆகவே பந்தாட்டத்துக்கும் பாடு வைக்க வேண்டும். ஊரில் எண்பத்து நான்கு தலைக்கட்டு. மாதம் பதினொரு பேராக எல்லோரும் முறையே ஆடுவது. பன்னிரண்டாவதாகக் கழி காக்கிற இடத்துக்கு மட்டும் தனி முறை, மாதம் ஒருவராக ஏழு வருஷத்தில் எல்லோருக்கும் ஒருமுறை. மைதானத்தின் இரு கோடியிலும் வலை காயப்போடும் கழிகளை இரண்டிரண்டாக நட்டிருந்தார்கள். அவற்றுக்கு நடுவே பந்து புகுந்தால் எதிராளிக்கு ஒரு கெலிப்பு. புகாமல் தடுக்கிறவன் மட்டும் கையால் பந்தைத் தொடலாம். அது கௌரவமான இடம் என்று ஊர் எப்படியோ முடிவு செய்துவிட்டது. கௌரவமானதென்பதால் ஆதிநாராயணன் பெருந்தன்மையோடு தன் முறையைக் கடைசியில், எண்பத்து நான்காவதாக வைத்துக்கொண்டார்.

முறைப்படி வந்த ஆட்டக்காரர்களைப் பார்த்து வில்லெம் அசந்துபோனார். எழுபது வயதுக் கிழவர், காசநோய்க்காரர், மாலைக்கண்காரர் எல்லோரும் வரிசையாக வந்தார்கள். நன்றாக ஆடுகிறவர்களை மட்டும் அனுப்பினால் என்ன என்று துபாஷ் மூலம் கேட்டார். ஆதிநாராயணன் கொஞ்சமும் தயங்கவில்லை.

"நல்லா புடிக்கறவனுக்கே பாடுன்னா, மத்தவன் புள்ளைங்கோ இன்னா துன்னும்னு கேளு."

துபாஷ் அதை ஒல்லாந்தத்தில் எப்படிச் சொன்னாரோ, வில்லெம் அதற்குமேல் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை.

தோணிரேவுப் பந்துக் கூட்டத்தின் சரித்திரம் இப்படித் தொடங்கியது. சரித்திரமென்று சொன்னால் வெற்றி தோல்வி எல்லாம் இருக்க வேண்டும். இதில் இரண்டாவது மட்டும் இருந்தது. எண்பத்து மூன்று ஆட்டத்தில் எண்பத்தொன்று தோல்வி. ஒன்று சமம், அன்றைக்குக் கோட்டைக்காரர்களில் பாதிப் பேருக்கு வயிற்றுப்போக்கு. இன்னொன்று பந்து ஏரி நீரோட்டத்தில் போய்விட்டதால் பாதியில் நின்றது. தோற்றாலும் அகழி மீன் கிடைத்தது. தோற்றதனால்தான் கிடைக்கிறது என்றுகூட ஊரில் சிலருக்குச் சந்தேகம் இருந்தது. இத்தனை தோல்வியில் ஒருவர் முகமும் வாடியதில்லை. நம் முறை, போனோம், ஆடினோம், வந்தோம் என்று இருந்தார்கள். பக்கத்துச் சுண்ணாம்புக்குளத்தார் கேலி செய்தபோது, உங்கள் ஊரில் எத்தனை பேர் பந்தைக் கண்ணால் பார்த்திருக்கிறீர்கள் என்று மடக்கினார்கள்.

அங்கமுத்துவுக்கும் இதில் ஓர் இடம் இருந்தது. கழிகளுக்கு உள்ளே அல்ல, பின்னால். தோணிரேவு கழிகளுக்குப் பின்னே பத்தடியில் ஏரி. உள்ளே புகுந்த பந்து தண்ணீரில் விழுந்து ஊறிவிடாமல் பிடித்துக் கொடுக்க ஓர் ஆள் வேண்டியிருந்தது. மடவை பிடிக்கிறவனை நிறுத்தினார்கள். கழி காத்தவர்கள் விட்ட பந்துகளை எல்லாம் ஏழு வருஷமாக அவன் பின்னாலிருந்து பிடித்தான். ஒன்றுகூடத் தண்ணீரைத் தொடவில்லை. நீரோட்டத்தில் போன பந்து அவன் காய்ச்சலாகக் கிடந்த மாதத்தில் போனது. ஒவ்வொரு பந்தையும் ஒரு கணம் முன்னால் நின்று பிடித்திருந்தால் கெலிப்பு ஆகியிருக்காது என்பது எல்லோருக்கும் தெரிந்தது. அவனைப் பத்தடி முன்னால் நிறுத்தினால் என்ன என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. பாடில்லாதவனை எப்படி நிறுத்துவது?

ஆயிரத்து எண்ணூற்று இருபத்தைந்து சித்திரையில் புதுச் சேதி வந்தது. சீமையில் எங்கேயோ இரண்டு ராஜாங்கத்தாரும் காகிதத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். பழவேற்காடு மறுபடியும், இந்த முறை ஒரேயடியாக, இங்கிலீஷ்காரருக்குப் போகிறது. கொடி மாறுவதற்கு முன்பே சென்னப்பட்டணத்திலிருந்து ஒரு கும்பினி கேப்டன் சிப்பாய்களோடு கால்வாய் வழியாகப் படகில் வந்து இறங்கினார். ஒப்படைக்கப்படும் பொருள்களைப் பார்த்து எழுதுவது அவர் வேலை. மதில் இத்தனை முழம், இடிந்தது. பீரங்கி இத்தனை, துருப்பிடித்தது. அகழி ஒன்று. அகழி என்று எழுதும்போது அதில் இரண்டு பேர் வலை வீசிக்கொண்டிருப்பதைப் பார்த்து, இவர்கள் யார், எந்த உரிமையில் பிடிக்கிறார்கள் என்று கேட்டார்.

இவர்கள் பந்து ஆடுகிறவர்கள் என்றார் வில்லெம்.

கேப்டன் சிரித்துவிட்டு, இனிமேல் அகழியை ஏலம் விடப் போவதாகச் சொன்னார். வில்லெமுக்கு முகம் சிவந்துவிட்டது. ஏழு வருஷமாக இந்த ஊரோடு ஆடியதில் ஒரு மாதம்கூட அவர்கள் வராமல் இருந்ததில்லை. போகிற நேரத்தில் அவர்கள் வாயில் மண் விழுவது அவருக்குப் பொறுக்கவில்லை. உங்கள் ஆட்களோடு இவர்கள் ஆடட்டும், இவர்கள் கெலித்தால் அகழியை விட்டுவிடுங்கள் என்றார். கேப்டனுக்கும் பழவேற்காட்டு வெயிலில் பொழுது போகவில்லை. அவர் ஆட்கள் வாட்டசாட்டமான பீரங்கிப் படையாட்கள். எதிராளியின் சரித்திரத்தையும் துபாஷ் வீரராகவன் மறைக்காமல் சொல்லியிருந்தார். சரி என்று கைகொடுத்தார்.

அந்த மாத ஆட்டம் எண்பத்து நான்காவது. கழி காக்கும் முறை ஆதிநாராயணனுடையது.

அவருக்கு அப்போது அறுபத்தெட்டு வயது. கண்ணில் புரை விழுந்து, எதிரே வருவது மனிதனா மாடா என்று குரலை வைத்துத்தான் சொல்வார். ஆனால் ஏழு வருஷம் காத்திருந்த முறை. முறையை மாற்றுவதென்றால் அது அவர் வாழ்நாளெல்லாம் காத்த பாட்டையே மாற்றுவது. அதை அவரிடம் சொல்ல ஊரில் ஒருவரும் துணியவில்லை. அகழி போனால் முதலில் அடி இருசம்மாளுக்கு. அகழி இறாலைத்தான் அவள் கோட்டையில் விற்றுவந்தாள். அவள் கூடையை இறக்கிவைத்துவிட்டு நேராகப் பெரியதனக்காரர் வீட்டு வாசலில் போய் நின்றாள்.

முறையை மாற்றும்படி அவள் கேட்கவில்லை. அப்படிக் கேட்டால் துரத்திவிடுவார் என்று தெரியும். பெரியதனக்காரருக்கு உடம்பு முடியாத நாளில் ஏரிப் பாட்டுக்கு என்ன செய்வார் என்று மட்டும் கேட்டாள். கூலியாளை அனுப்புவேன் என்றார் அவர். கூலியாள் பிடித்த மீன் யாருக்கு என்று கேட்டாள். பாட்டுக்காரனுக்கு என்றார். அவள் பேச்சு எங்கே போகிறது என்பது அவருக்கு அதற்குள் விளங்கிவிட்டது.

அன்று மாலையே அங்கமுத்துவை வரச் சொன்னார். பந்துப் பாடு என்னுடையது, நீ என் கூலியாள், நீ பிடிப்பதெல்லாம் நான் பிடித்தது என்று முறையை விளக்கினார். அங்கமுத்து தலையாட்டினான். அவன் ஆயுசில் பிடித்ததெல்லாம் இன்னொருவன் பிடித்ததுதான். ஆனாலும் கேட்டான்.

"கெலிச்சா என் விசயத்த ஊருல வைப்பீங்களா, பெரியதனம்?"

வைக்கிறேன் என்றார் ஆதிநாராயணன். வைத்தார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். வாக்குத் தவறுகிற மனிதரில்லை.

கத்திரி வெயிலில் ஆட்டம் நடந்தது. தோணிரேவுக் கூட்டம் மைதானத்தில் இறங்கியதும் கும்பினிச் சிப்பாய்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். முறைப்படி அன்றைக்கு வாய்த்தவர்களில் குப்பன் ஒருவர். திருக்கை முள் குத்தி ஒரு கால் சூம்பிப்போனவர். ஊன்றுகோலோடு வந்து எதிராளியின் கழிகளுக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டார், மைதானத்துக்குள் அங்கேதான் கொஞ்சம் நிழல் இருந்தது. மற்றவர்கள் வழக்கப்படி பந்து போகிற இடத்துக்கு அது போன பிறகு போய்ச் சேர்ந்தார்கள்.

ஆகவே ஆட்டம் முழுவதும் அங்கமுத்துவின் பக்கமே நடந்தது. சிப்பாய்கள் பத்தடியிலிருந்து உதைத்தார்கள், முப்பதடியிலிருந்து உதைத்தார்கள். அவன் பந்தைப் பார்க்கவே இல்லை. உதைக்கிறவன் இடுப்பைப் பார்த்தான். தண்ணீர் சுளிப்பதைப் போல அது முதலில் சுளித்தது. பந்து கிளம்பும்போது அவன் கை அங்கே இருந்தது. தலைக்கு மேலே வந்ததை எம்பிப் பிடித்தான். தரையோடு வந்ததை விழுந்து அணைத்தான். பதினேழு பந்து. அவன் பின்னால் பத்தடியில் ஏரி இருந்தது. முதல் முறையாக அங்கே யாரும் நிற்க வேண்டியிருக்கவில்லை. தனக்கு என்னவோ செய்கிறது என்று உணர்ந்தான். அது சந்தோஷம் என்று கொஞ்சம் தாமதமாகத்தான் பிடிபட்டது.

பதினேழாவது பந்தைப் பிடித்தபோது எரிச்சல் தாங்காமல் சிப்பாய்கள் எல்லோரும், கழி காக்கிறவன் உட்பட, தோணிரேவுப் பக்கமே வந்து குவிந்திருந்தார்கள். அங்கமுத்து தூரத்தில் நிழலில் நின்ற குப்பனைப் பார்த்தான். பந்தைப் பலங்கொண்ட மட்டும் அங்கே எறிந்தான். நொண்டியென்று குப்பனுக்குப் பக்கத்தில் காவலுக்கு ஒருவனும் இல்லை. அவர் ஊன்றுகோலை ஊன்றி, நல்ல காலால் பந்தை ஒரு தட்டுத் தட்டினார். அது அவசரமில்லாமல் உருண்டு கழிகளுக்கு நடுவே போய் நின்றது. கொஞ்ச நேரத்தில் வில்லெம் மணியடித்தார். அப்புறம் மணியைக் கீழே வைத்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

ஊர் ஆதிநாராயணனுக்கு மாலை போட்டது. அவர் ஆட்டம் முழுவதும் பூவரச நிழலில் உட்கார்ந்திருந்தார். பதினேழு பந்தையும் அவர் பிடித்ததாகத்தான் பேச்சு. அதில் யாருக்கும் வஞ்சனை இல்லை. பாட்டு முறை அப்படி. நன்றாக ஆடுகிறவனை மட்டும் பொறுக்கி அனுப்பியிருந்தால் குப்பன் அங்கே நின்றிருப்பாரா, ஆகவே கெலித்தது பாட்டு முறைதான் என்றும் பேசிக்கொண்டார்கள். அதிலும் தப்பில்லை. அங்கமுத்துவுக்குக் கூலியாக இரண்டு கை மீன் கொடுத்தார்கள்.

சொன்னபடியே ஆதிநாராயணன் அடுத்த கூட்டத்தில் அவன் விஷயத்தை வைத்தார். ஊர் அனுதாபத்தோடு கேட்டது. நல்ல பையன், நன்றாக ஆடினான், கல்யாணம் கட்டிக்கொண்டு வரட்டும், அப்புறம் பேசலாம் என்று முடிவாயிற்று. அங்கமுத்து இதை இருசம்மாளிடம் சொன்னபோது அவள் கூடையிலிருந்த நண்டின் காலை ஒடித்துக்கொண்டிருந்தாள். தேவைக்கு மேலேயே நாலைந்தை ஒடித்துப் போட்டாள். ஆனால் வார்த்தை மாறவில்லை. அவனுக்கு அன்றைக்குத்தான் ஊர்மேல் முதல் முறையாகக் கோபம் வந்தது. முப்பத்திரண்டு வருஷத்துக் கோபம் மொத்தமாக வந்ததால் அதை எங்கே வைப்பதென்று தெரியாமல் திரிந்தான்.

வைகாசியில் கொடி மாறியது. வில்லெம் பந்தை எடுத்துக்கொண்டு படகேறினார். துபாஷ் வீரராகவன் அதே தலைப்பாகையோடு கும்பினி உத்தியோகத்துக்கு மாறிக்கொண்டு, கேப்டனின் காகிதத்தை ஊர் நடுவில் வாசித்தார். கேப்டன் வாக்குத் தவறவில்லை. அகழி தோணிரேவுக்குத்தான், மாதத்துக்கு ஒருவர் பேரில், அன்று ஆடிய பன்னிரண்டு பேருக்கு. எந்தப் பேர்க்காரன் முறைக்கு வரவில்லையோ அவன் மாதம் கும்பினி ஏலத்துக்குப் போகும். கேப்டனுக்குப் பாடு தெரியாது, கூலியாள் தெரியாது. கண்ணெதிரே வேர்த்து நின்ற பன்னிரண்டு பேரின் பெயரை அங்கேயே கேட்டு எழுதிக்கொண்டு போயிருந்தார். காகிதத்தில் ஆதிநாராயணன் இல்லை. பன்னிரண்டாவது பெயர் அங்கமுத்து.

ஊர் தனக்குள் ஒரு வழி செய்துகொண்டது. ஒரு பெயருக்குப் பின்னால் ஏழு தலைக்கட்டு என்று பிரித்தால் எண்பத்து நான்கும் சரியாக வந்தது. அங்கமுத்து பெயருக்குப் பின்னால் ஆதிநாராயணனும் இன்னும் ஆறு வீட்டாரும். பெயர் மட்டும் அவனுடையதாக இருக்கட்டும், முறைக்கு அவன் பெரியதனக்காரரின் கூலியாளாக வந்து நிற்கட்டும் என்று சொல்லியனுப்பினார்கள்.

அங்கமுத்து வரமுடியாது என்றான்.

சொல்லப் போனவர் காதில் சரியாக விழவில்லையோ என்று மறுபடி கேட்டார். அவன் வலையைக் கீழே வைத்துவிட்டு வந்து ஆதிநாராயணன் எதிரில் நின்றான்.

"பாட்டுல என் பேரக் கூப்புடுங்கோ, பெரியதனம். அங்கமுத்துன்னு கூப்புடுங்கோ. இல்லனா அகழிய ஏலத்துல எடுத்துக்கட்டும்."

கூட்டம் கொதித்தது. ஒண்டிக்கட்டைக்குப் பாடா என்றார்கள். ஏழு வீட்டுச் சோற்றில் மண் போடுகிறானே என்றார்கள். கடைசியில் ஆதிநாராயணன்தான் வழி சொன்னார். பெயரைக் கூப்பிடுவோம், அவன் தலைக்கட்டா இல்லையா என்பதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்றார். அப்புறம் என்ற சொல் கேட்டதும் கூட்டத்துக்கு மூச்சு வந்தது.

சீட்டுப் போடும் நாள் வந்தது. ஆண்களெல்லாம் அம்மன் கோவிலுக்கு முன்னால் மணலில் உட்கார்ந்திருந்தார்கள். பெண்களுக்கு அங்கே இடமில்லை. கோட்டைக்குப் போகிற வழி என்று சாக்குச் சொல்லிக்கொண்டு இருசம்மாள் கூடையோடு ஓரமாக நின்றாள். பெயர் கூப்பிட்டால் உரியவன் இருக்கிறேன் என்று குரல் கொடுக்க வேண்டும். மூன்று முறை கூப்பிட்டும் குரல் வராவிட்டால் பாடு போயிற்று. கடலுக்குப் போனவனுக்காக அவன் பெண்சாதி குரல் கொடுக்கலாம்; அந்த ஒன்றுக்கு மட்டும் பெண் குரலை ஊர் ஏற்கும்.

பதினொரு பெயரும் முடிந்தன. ஆதிநாராயணன் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"தோணிரேவு அங்கமுத்து."

அங்கமுத்து முன் வரிசையில்தான் இருந்தான். அந்த ஊரின் பெயரோடு தன் பெயரை ஒருவர் சேர்த்துச் சொல்லி அவன் கேட்டதில்லை. அம்மா இதைக் கேட்காமலே போய்விட்டாள் என்று நினைத்தான். வாயைத் திறந்தான், காற்றுத்தான் வந்தது.

இரண்டாம் முறை கூப்பிட்டார். கண் தெரியாதவர், குரல் வந்தால்தான் அவருக்கு ஆள். அங்கமுத்துவின் கன்னத்தில் வழிவதை மற்றவர்கள் பார்த்தார்கள்; பார்த்ததைப் பெரியவருக்குச் சொல்ல ஒருவரும் முன்வரவில்லை. ஒண்டிக்கட்டைப் பிரச்சினை இப்படியே தீர்ந்தால் தேவலை என்று சிலர் நினைத்திருக்கலாம். மூன்றாம் முறை கூப்பிட்டார்.

"கீறாரு" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

எல்லோரும் திரும்பினார்கள். இருசம்மாள் கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். ஆதிநாராயணன் குரல் வந்த பக்கம் முகத்தைத் திருப்பினார். அவருக்குக் கோபமில்லை. முறையென்றால் முறை, அதைக் கேட்டே தீர வேண்டும்.

"நீ யாரும்மா அவனுக்கு?"

"பொண்டாட்டி" என்றாள் இருசம்மாள்.

ஆதிநாராயணன் சற்று நேரம் மணலைத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு முன் வரிசைப் பக்கம் திரும்பி, இவள் சொல்வது உண்மையா என்று அங்கமுத்துவைக் கேட்டார். அவனுக்கும் அந்தச் செய்தி அப்போதுதான் தெரியும். இருந்தாலும் இந்த முறை குரல் வந்தது.

"ஆமா, பெரியதனம்" என்றான்.